ஷேக்ஸ்பியரின் மாமனார் வீடு

ஷேக்ஸ்பியரின் மாமனார் வீட்டை நீங்கள் கட்டாயம் பார்த்திருக்கிறீர்கள். இல்லை என்று சாதிக்காதீர்கள். பிஸ்கட் டப்பா மூடி, ஓசி காலண்டர், ஆயிரம் துண்டு ஜிக்சா புதிர் என்று எதிலாவது கண்ணில் பட்டிருக்கும். தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டது போல ஒரு வைக்கோல் கூரை. அதற்கடியில் பாதித் தூக்கத்தில் இருக்கும் சன்னல்கள். வெள்ளைச் சுவரில் குறுக்கும் நெடுக்குமாக மரச்சட்டங்கள். முன்னால் கால் வைக்க இடமில்லாமல் பூச்செடிகள். படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் 'ஆன் ஹாத்தவேஸ் காட்டேஜ்' என்று போட்டிருப்பார்கள்.

ஸ்ட்ராட்ஃபோர்டு ஊரிலிருந்து மேற்கே ஒரு மைல் நடந்தால் ஷாட்டரி. அங்கேதான் இருக்கிறது. பதினெட்டு வயது வில்லியம், இருபத்தாறு வயது ஆனைப் பார்க்க அந்த வழியாகத்தான் போய்வந்தான். 1582 நவம்பரில் அவசரக் கல்யாணம். ஆறு மாதத்தில் குழந்தை. மாமனார் ரிச்சர்ட் ஹாத்தவே இதையெல்லாம் பார்க்கவில்லை, முந்தின வருஷமே போய்ச் சேர்ந்துவிட்டார். ஆகவே 'மாமனார் வீடு' என்று நான் தலைப்பில் போட்டிருப்பதே கொஞ்சம் தப்பு. ஆனால் 'காட்டேஜ்' என்பது இன்னும் பெரிய தப்பு. இந்த வாரப் புகாரை அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

காட்டேஜ் என்றால் குடிசை, கூலிக்காரன் வீடு. ஒன்றிரண்டு அறை, கொல்லையில் ஒரு பன்றி, அதோடு சரி. இந்த வீட்டில் பன்னிரண்டு அறைகள். ஷேக்ஸ்பியர் காலத்தில் இதற்கு ஹியூலண்ட்ஸ் பண்ணை என்று பேர், சேர்ந்தாற்போல் தொண்ணூறு ஏக்கருக்கு மேல் நிலம். ஆனின் தாத்தா ஜான் ஹாத்தவே குத்தகைக்கு எடுத்து ஆடு வளர்த்தவர். நம் ஊரில் தொண்ணூறு ஏக்கர் பயிர் வைக்கிறவர் வீட்டை யாராவது குடிசை என்பார்களா? பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் 'பிக்சரஸ்க்' மோகம் வந்தது. படம் வரைகிற ஆசாமிகள் ஊர் ஊராக அலைந்து, சாய்ந்த சுவர், பாசி பிடித்த கூரை என்று தேடிப்பிடித்து வரைந்து தள்ளினார்கள். அந்த அலையில்தான் பண்ணை வீடு குடிசையாகச் சுருங்கியது. ஏழ்மைக்கு ஒரு அழகு உண்டு என்று வசதியானவர்கள்தான் முதலில் கண்டுபிடிக்கிறார்கள்.

சரி, வீட்டுக்குள் போகலாம்.

இதன் ஆதிப் பகுதி 1463 வாக்கில் கட்டியது. அறக்கட்டளை சொல்கிற கணக்குப்படி அப்போது மொத்தமே மூன்று அறை. கட்டின விதம்தான் சுவாரஸ்யம். வளைந்த ஓக் மரம் ஒன்றைத் தேடிப்பிடித்து, நீளவாக்கில் இரண்டாகப் பிளக்கிறார்கள். இரண்டு பாதியும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் மாதிரி இருக்கும். அடியைத் தள்ளித்தள்ளி நிறுத்தி, நுனிகளை மேலே சேர்த்தால் கும்பிடுகிற கை போல நிற்கும். இதற்கு 'க்ரக்' என்று பேர். இப்படி இரண்டு மூன்று ஜோடிகளை வரிசையாக நிறுத்தி உத்தரம் போட்டுவிட்டால் கூரை நின்றுவிட்டது. சுவருக்கு வேலையே இல்லை. மழையும் காற்றும் உள்ளே வராமல் அடைக்கும் தட்டி, அவ்வளவுதான். சட்டத்துக்குச் சட்டம் குச்சிகளைப் பின்னி, களிமண்ணும் சாணியும் நறுக்கிய வைக்கோலும் குழைத்து அப்புவார்கள். சாணி மெழுகின திண்ணையில் உட்கார்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த அடைப்பு பின்னால் உதிர்ந்த இடங்களில் செங்கல் வைத்தார்கள்.

இந்தக் காலத்துப் பண்ணை வீடுகளின் அமைப்பை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் தானே விளங்கும். நடுவில் ஒரு பெரிய கூடம். அதற்கு மாடி கிடையாது, தரையிலிருந்து கூரை முகடுவரை ஒரே வெற்றிடம். கூடத்தின் நடுத்தரையில் திறந்த அடுப்பு. புகைபோக்கி கிடையாது. புகை மெல்ல மேலே ஏறி, கூரையில் தங்கி, வைக்கோல் இடுக்குகள் வழியாகத் தானே வெளியேறும். சன்னலில் கண்ணாடி கிடையாது. மரக்குச்சிகள், ராத்திரிக்குச் சாத்த ஒரு மரப்பலகை. வீட்டின் குறுக்கே முன்வாசலிலிருந்து பின்வாசலுக்கு ஒரு நடை. நம் ரேழி மாதிரி.

இங்கிலாந்துக்காரன் பதினாறாம் நூற்றாண்டில் இந்தப் புகைக் கூடத்தில் சலித்துப்போனான். நாடெங்கும் பண்ணை வீடுகளில் செங்கல் புகைபோக்கி முளைத்தது. புகை குழாய்க்குள் போனதும் தலைக்கு மேலே சும்மா கிடந்த வெற்றிடத்துக்கு உபயோகம் வந்தது. நடுவில் பலகை அடித்து ஒரு மாடி. மாடி வந்ததும் அதற்கு ஏணி, பிறகு படி. படியேறிப் போனால் இருட்டு. வெளிச்சத்துக்கு சன்னல் வேண்டும். ஆனால் அங்கே சுவர் எது? தாழ இறங்கி வருகிற கூரைதானே இருக்கிறது. ஆகவே கூரையின் விளிம்பை அங்கங்கே தூக்கி, வைக்கோலை வளைத்து, அதற்கடியில் சன்னல் வைத்தார்கள்.

பிஸ்கட் டப்பா மூடியில் நீங்கள் ரசித்தீர்களே, தூக்கக் கலக்கத்தில் புருவம் தூக்கின மாதிரி சன்னல்கள், அவை வந்த வழி இதுதான். அழகுக்காக யாரும் அப்படிக் கட்டவில்லை. ஒரு உயரமான கூடத்தை இரண்டாக அறுத்ததன் தழும்பு அது. உலகமே மயங்குவது தழும்பைப் பார்த்து.

இந்த வீட்டில் அந்த வேலையைச் செய்தது யார்? ஆனின் சகோதரர் பார்த்தலோமியூ என்பது அறக்கட்டளை சொல்லும் வரலாறு. அப்பா ரிச்சர்ட் தன் உயிலில் விவசாயத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை இவரிடம்தான் விட்டுப்போனார். குத்தகையாக இருந்த சொத்தை 1610-ல் கிரயத்துக்கு வாங்கியதும் இவர்தான். கையில் பத்திரம் வந்தால் யாருக்குமே கொத்தனாரைக் கூப்பிடத் தோன்றும். மாடித்தளங்கள், புகைபோக்கிகள், புதிய கட்டு எல்லாம் அவர் கணக்கில் வருகிறது. வெளியே நின்று பார்த்தால் சேர்த்த இடம் கண்ணுக்கே தெரியும். சரிவில் ஏறிப்போகிற வீட்டில், மேல் கோடியில் உயர்ந்து நிற்கிற பாகம் பதினேழாம் நூற்றாண்டு. தாழ்ந்து கிடக்கிற பாகம் பழசு.

இப்போது ஒரு சின்ன வம்பு. கூடத்தில் கணப்படுப்பு அருகே ஒரு மர இருக்கை போட்டிருக்கிறார்கள். 'இதில் உட்கார்ந்துதான் காதலித்தார்கள்' என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். தேனிலவு ஜோடிகள் அதன் முன்னால் நின்று பெருமூச்சு விடுவதுண்டு. பார்த்தலோமியூதான் புகைபோக்கி வைத்தார் என்பது உண்மையானால், 1582-ல் வில்லியம் இந்தக் கூடத்துக்கு வந்தபோது அந்த அடுப்பு அந்த இடத்தில் இருந்திருக்குமா? மேலே அந்தத் தளம்? நடுக்கூடத்தில் புகையடிக்கிற நெருப்பு, கண் எரிச்சல், இருமல், தலைக்கு மேலே கரி பிடித்த இருட்டு... காதல் அதிலும் நடக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் நமக்குக் காட்டுகிற செட் அது இல்லை.

ஆதாரப் பொருள்களின் யோக்கியதை பற்றி ஒரு கிளைக்கதை. 1793-ல் சாமுவேல் அயர்லாந்து என்ற ஓவியர் ஷாட்டரிக்கு வந்தார். கூடவே மகன் வில்லியம் ஹென்றி. அப்பாவுக்கு ஷேக்ஸ்பியர் பைத்தியம். 'இது ஷேக்ஸ்பியர் உட்கார்ந்த நாற்காலி' என்று வீட்டார் சொல்ல, காசு கொடுத்து வாங்கிக்கொண்டு போனார். 1795-ல் அவர் வெளியிட்ட புத்தகத்தில் இந்த வீட்டின் படமும் வந்தது. காட்டேஜ் புகழுக்குப் பிள்ளையார் சுழி என்று அதைச் சொல்லலாம். பையன் இதையெல்லாம் கூர்ந்து கவனித்திருக்கிறான். நம்ப ஆசைப்படுகிறவனுக்கு எதை வேண்டுமானாலும் விற்கலாம் என்று புரிந்துகொண்டு, ஷேக்ஸ்பியர் கையெழுத்துகள், கடிதங்கள் என்று ஆரம்பித்து, கடைசியில் ஒரு முழு நாடகத்தையே எழுதி, ஷேக்ஸ்பியர் எழுதியது என்று கொண்டுவந்தான். 1796-ல் லண்டன் ட்ரூரி லேன் நாடக அரங்கில் மேடையேறி, ஒரே நாளில் சிரிப்பாய்ச் சிரித்து மூடுவிழா. குட்டு வெளிப்பட்டபோது அப்பா மட்டும் கடைசிவரை நம்ப மறுத்தார், பாவம்.

கூரைக்கு வருவோம். அந்த வீட்டின் மிகப் பழைய அங்கம் கூரைதான் என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். உண்மையில் அதுதான் புதுசு. வைக்கோல் கூரை சுமார் இருபது, முப்பது வருஷம் தாங்கும். நாணல் என்றால் நாற்பதுக்கு மேலும் போகும். முகட்டை மட்டும் பத்துப் பதினைந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். சரிவு ஐம்பது டிகிரி அளவுக்குச் செங்குத்தாக இருந்தால்தான் மழை நிற்காமல் வழியும். மேல்தோல் மட்டும் நனைந்து, ஓரிரு அங்குலத்துக்குக் கீழே எலும்பு மாதிரி உலர்ந்திருக்கும். ஐந்நூறு வருஷத்தில் ஒரு வீட்டுக்கு எத்தனை கூரை ஆகியிருக்கும் என்று நீங்களே வகுத்துப் பாருங்கள்.

ஆனால் ஒரு விசேஷம் உண்டு. வைக்கோல் வேய்கிறவர்கள் பழையதை முழுக்கப் பிடுங்குவதில்லை. மக்கிய மேல் பகுதியை மட்டும் வாரி எடுத்துவிட்டு, நல்ல அடித்தட்டின் மேலேயே புதுசைப் பரப்பி, வளைத்த குச்சிகளால் குத்தி இறுக்குவார்கள். அதனால் தெற்கு இங்கிலாந்தில், முக்கியமாக டெவன் பக்கம், சில வீடுகளின் அடித்தட்டு இன்னும் இடைக்காலத்தது. அந்தப் பழைய திறந்த அடுப்பின் கரி படிந்து கறுத்துக் கிடக்கிறது. ஜான் லெட்ஸ் என்ற தாவரத் தொல்லியல் ஆய்வாளர் அதைக் கிளறி ஆராய்ந்து 1999-ல் ஒரு புத்தகமே போட்டார். அந்தக் காலத்து கோதுமை ரகங்கள், ரை தானியம், வயலில் முளைத்த களைகள் எல்லாம் கதிரோடு அப்படியே பத்திரமாக இருந்தன. எந்த மியூசியமும் எடுத்துவைக்காத சாமானைக் கூரைக்காரன் தன்னையறியாமல் காப்பாற்றியிருக்கிறான்.

இன்றைக்கு நல்ல வைக்கோலுக்கே பஞ்சம். நவீன கோதுமைக்குத் தண்டு குட்டை, அறுவடை மெஷின் அதையும் நொறுக்கித் துப்பிவிடும். கூரை வேய்கிறவர்களுக்காகவே மாரிஸ் விட்ஜன் போன்ற உயரமான பழைய ரகங்களை விதைத்து, பழைய மெஷின்களில் அறுத்துக் கட்டுகிறார்கள். துருக்கியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் நாணல் கப்பலில் வருகிறது. 'இங்கிலாந்தின் மண்வாசனை' என்று படம் எடுக்கிறீர்களே, அந்தக் கூரைகளில் சில துருக்கி வாசனை.

சரி, என் புகாரின் மையத்துக்கு வருகிறேன்.

இந்த வீட்டையும், ஸ்ட்ராட்ஃபோர்டு ஹென்லி தெருவில் ஷேக்ஸ்பியர் பிறந்த வீட்டையும் அடுத்தடுத்து பாருங்கள். பிறந்த வீட்டை 1847-ல் பொதுமக்கள் நிதி திரட்டி வாங்கினார்கள். அப்போது அதில் ஒரு பகுதி கசாப்புக் கடையாகவும் இன்னொரு பகுதி செங்கல் முகப்பு வைத்த சாராயக் கடையாகவும் இருந்தது. விக்டோரியா காலத்துக் கனவான்களுக்கு இது பொறுக்குமா? மகாகவி பிறந்த இடத்தில் மாட்டு இறைச்சியா? 1850-களின் கடைசியில் ஆரம்பித்து அக்கம்பக்கத்து வீடுகளை இடித்தார்கள். தீ பரவாமல் இருக்க என்று ஒரு காரணமும் சொன்னார்கள். முகப்பை உரித்து, ஒரு பழைய படத்தைப் பார்த்து 'அப்போது எப்படி இருந்திருக்கும்' என்று திருப்பிக் கட்டினார்கள். இன்று நீங்கள் டிக்கெட் வாங்கிப் பார்க்கிற முகப்பில் கணிசமான பங்கு விக்டோரியா தச்சனின் கைவேலை.

ஷாட்டரி வீட்டுக்கு அந்தக் கதி நேரவில்லை. காரணம் ரொம்ப எளிது. அதில் ஆள் குடியிருந்தார்கள். 1846-ல் பணமுடையில் சொத்தை விற்க வேண்டி வந்தபோதும் குடும்பம் நகரவில்லை, சொந்த வீட்டிலேயே வாடகைக்கு இருந்தார்கள். ஒழுகினால் அடைத்தார்கள், இற்றுப்போனால் மாற்றினார்கள். புகைபோக்கியில் ஒரு கல் பதித்திருக்கிறது: ஐ.எச். 1697. அந்தக் கால எழுத்தில் ஜே-க்கும் ஐ-தான். ஜான் ஹாத்தவே என்ற இன்னொரு வாரிசு, புகைபோக்கியைச் செப்பனிட்டு, 'நான்தான் செய்தேன், இந்த வருஷம் செய்தேன்' என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். 1582 மாதிரி இருக்க வேண்டும் என்று அவர் பாவனை செய்யவில்லை. அத்தைப் பாட்டி வீட்டுக்காரர் பெரிய எழுத்தாளர் என்பதற்காக சமையலறைப் புகையைச் சகித்துக்கொண்டு இருக்கவும் இல்லை.

1892-ல் ஷேக்ஸ்பியர் பிறப்பிட அறக்கட்டளை வீட்டை வாங்கியது. நல்ல காரியம். வாங்காமல் விட்டிருந்தால் யாராவது டீக்கடை வைத்திருப்பார்கள். மேரி பேக்கர் என்ற ஹாத்தவே வம்சத்துக் கிழவியையே காவலாளியாக வைத்துக்கொண்டார்கள். அவர் குடும்ப பைபிளை மடியில் வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் கதை சொன்னார். 1899-ல் இறந்தார். 1911 வாக்கில் அந்தக் குடும்பத்தின் கடைசி ஆட்களும் வெளியேறினார்கள். அத்தோடு நாலு நூற்றாண்டு புழக்கம் நின்றது. அடுப்பு அணைந்தது.

பிறகுதான் 'அழகு' வந்தது. முன்னால் இருக்கிற அந்தப் பிரசித்தமான பூந்தோட்டத்தை 1920-களில் எல்லன் வில்மாட் என்கிற பெயர்பெற்ற தோட்டக்கலை அம்மையார் திட்டமிட்டுப் போட்டார். செடி கொடி பற்றி அந்த அம்மாளுக்குத் தெரியாதது இல்லை, தோட்டமும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு ஆட்டுப் பண்ணையின் வாசலில் என்ன இருந்திருக்கும்? சேறு. புழுக்கை. எருக்குழி. காய்கறிப் பாத்தி, மருந்துச் செடி, நாலு பழமரம். ரோஜாவை முகர்ந்துகொண்டு உள்ளே நுழைகிறவன் மனதில் அந்த வீட்டின் தொழில் சுத்தமாகத் துடைக்கப்பட்டுவிடுகிறது. அது ஒரு கிழிந்த கணக்குப் புத்தகத்துக்கு வெல்வெட் அட்டை போட்ட மாதிரி.

வில்லியம் மோரிஸ் 1877-லேயே இதற்காகச் சண்டை போட்டார். பழைய கட்டடங்களைப் பாதுகாக்க ஒரு சங்கம் ஆரம்பித்து, 'ரிப்பேர் செய், பழசாக மாற்றாதே' என்று ஓயாமல் சொன்னார். ஒழுகுகிற கூரையை அடைக்கலாம். சாய்கிற சுவருக்கு முட்டுக் கொடுக்கலாம். ஆனால் செய்த வேலை செய்ததாகத் தெரிய வேண்டும். நடுவில் வந்த நூற்றாண்டுகளைச் சுரண்டி எறிந்துவிட்டு, நீயாக ஒரு ஆதிநிலையைக் கற்பனை செய்து கட்டக்கூடாது. சங்கம் இன்றைக்கும் இருக்கிறது.

1969-ல் அந்தக் கூரையில் தீப்பிடித்துப் பலத்த சேதம். வைக்கோல் கூரை எரிவதை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும், மேலே தண்ணீர் பீய்ச்சினால் வழிந்து ஓடிவிடும், நெருப்பு உள்ளே ஊமையாகப் பரவிக்கொண்டே இருக்கும். அறக்கட்டளை எரிந்ததைச் சரிசெய்து, பழையபடி வேய்ந்து, புருவம் உட்பட எல்லாவற்றையும் மீட்டுவிட்டது. இதில் நான் தப்புச் சொல்ல மாட்டேன். கூரை என்பதே மறுபடி மறுபடி வேய்வதுதானே. அதற்கு முன்னால் எத்தனை ஹாத்தவேக்கள் செய்த வேலை அது. ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். பார்த்தலோமியூ வீட்டில் ஒரு விபத்து நடந்திருந்தால் அவர் அடுத்த கூரையைக் கொஞ்சம் உசத்திப் போட்டிருப்பார், இன்னொரு அறை இழுத்திருப்பார். அறக்கட்டளைக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. படத்தில் இருக்கிற மாதிரியே போட வேண்டும். தபால் அட்டை வீட்டைப் பார்த்து எடுத்தது போய், வீடு தபால் அட்டையைப் பார்த்து நடந்துகொள்ள வேண்டிய நிலைமை.

அமெரிக்காவில், தெற்கு டகோட்டா மாநிலத்தில் வெஸிங்டன் ஸ்பிரிங்ஸ் என்ற சின்ன ஊரில், 1932-ல் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியத் தம்பதி இதே வீட்டை வைக்கோல் கூரையோடு நகல் எடுத்துக் கட்டினார்கள். மாதிரிக்கு வைத்துக்கொண்டது ஒரு தபால் அட்டைப் படம். அசல் ஷாட்டரியில் பார்த்தலோமியூவுக்குத் தேவைப்பட்ட மாடி, அவர் வெட்டின சன்னல், பின்னால் ஒருவர் செப்பனிட்ட புகைபோக்கி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. நகலில் படம் மட்டும்தான் காரணம்.

பன்னிரண்டு அறைகளையும் சுற்றிவருகிறவர்கள் கேட்பது ஒரே கேள்வி: 'இதில் எது ஷேக்ஸ்பியர் பார்த்தது?' வழிகாட்டிகளும் பாவம், க்ரக் மரத்தைக் காட்டுகிறார்கள், கூடத்துச் சுவரைக் காட்டுகிறார்கள். அந்தக் கேள்விக்கு வெளியே இருப்பதெல்லாம், அதாவது வீட்டின் முக்கால் பாகம், தவறாக வந்து சேர்ந்த மாதிரி கூச்சத்தோடு நிற்கிறது. என்னைக் கேட்டால் பலகையைத் திருப்பி எழுதுவேன். 'ஹியூலண்ட்ஸ் பண்ணை. 1463 முதல் 1911 வரை புழங்கிய வீடு. இதன் பெண்களில் ஒருத்தி ஒரு நாடகக்காரரைக் கட்டிக்கொண்டு போனாள்.' கூடத்தின் உத்தரத்தில் மாடிப் பலகை செருகின இடத்துக்கு ஒரு விளக்குப் போடுவேன். அந்தக் காதல் இருக்கையைக் கொஞ்சம் தள்ளிப்போட்டு, அதற்குப் பின்னால் உள்ள செங்கல்லைப் பார்க்க விடுவேன்.

ரிச்சர்ட் ஹாத்தவேயின் உயிலில் ஒரு வரி உண்டு. பார்லர் அறையில் உள்ள இரண்டு தச்சுக் கட்டில்களும் வீட்டோடேயே இருக்க வேண்டும், யாரும் எடுத்துக்கொண்டு போகக்கூடாது என்று எழுதியிருக்கிறார். வீடு அப்படியே இருக்க வேண்டும் என்று அவர் எழுதவில்லை. நீங்கள் எப்போதாவது ஷாட்டரி பக்கம் போனால், பூந்தோட்டத்தில் நின்று எல்லோரும் எடுக்கிற அதே போட்டோவை எடுத்து முடித்த பிறகு, தலையைத் தூக்கி அந்தப் புகைபோக்கிக் கல்லைத் தேடுங்கள். ஐ.எச். 1697.